போடிநாயக்கனூருக்கு எத்தனை எழுத்து?

எங்க ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் விரல் விட்டு எண்ணும்: போ, டி, நா, ய, க், க, னூ, ர். மொத்தம் 8. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 14 என்கிறது. பிஎச்பியின் 'எஸ்டிஆர்லென்' 42 என்கிறது.

மூன்றுமே சரிதான், எண்ணும் பொருள்தான் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது; அதில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. பிஎச்பி எண்ணுவது பைட்டுகளை; யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கில ஊர்ப் பெயருக்கு மூன்று கணக்கும் ஒன்றாக வரும். அதனால்தான் இந்தக் கோளாறு யார் கண்ணிலும் படுவதில்லை.

'நீளம்' என்று பெயர் வைத்துவிட்டு எதன் நீளம் என்று சொல்லாததுதான் என் குறை. ஒரு ஏலக்காய் வியாபாரிக்குப் படிவம் எழுதினேன். ஊர்ப் பெயருக்கு 'மேக்ஸ்லெங்த்' 12 தாராளம்னு நினைச்சேன். கம்பம் (6), சின்னமனூர் (10) என்று போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. கடைசியில் ரசீதில் "போடிநாயக்கனூ" என்று அச்சாகி நின்றது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தப்பு என்னுடையதுதான், ஆனா கருவியும் எச்சரிக்கலை.

தீர்வு இருக்கிறது. பிஎச்பியில் 'கிராஃபீம்_எஸ்டிஆர்லென்', ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில்.செக்மென்டர்', இரண்டுமே 8 என்று சொல்லும். ஆனால் பின்னது ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது 2024இல்தான். 'மேக்ஸ்லெங்த்' இன்றும் அலகைத்தான் எண்ணுகிறது; அதை நம்பாமல் நாமே சோதனை எழுத வேண்டும்.

அடுத்த படிவத்தை வெளியிடும் முன் ஒருமுறை போடிநாயக்கனூர் என்று அடித்துப் பாருங்கள்.