பாடவைக்கிறோம்; பாட்டுக் கட்டவிடுகிறோமா?

நம் சிற்றூர்ப் பங்குகளில் சிறுவர் பாடற்குழுவுக்குக் குறைவில்லை. ஞாயிறுதோறும் ஒலிவாங்கியின் முன் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் நன்றாகவே பாடுகிறார்கள். ஆயினும் அவர்கள் பாடுவதெல்லாம், ஒலிப்பதிவில் கேட்ட பாடலை மூச்சு விடும் இடங்கூட மாறாமல் ஒப்புவிப்பதே. கீபோர்டில் பதிந்துவைத்த தாளம் முன்னே ஓட, பிள்ளைகள் பின்னே ஓடுகிறார்கள். இதைப் பயிற்சி எனலாம். படைப்பு எனத் தகுமா?

உத்திரமேரூர் வட்டாரத்தை எண்ணிப் பார்த்தால் இக்கேள்வி இன்னும் உறைக்கும். காஞ்சிபுரம் மாவட்டம் தெருக்கூத்து வழங்கும் மண். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் விடிய விடிய ஒலிக்கும் களத்தின் முன்வரிசையில் சாக்கு விரித்து அமர்பவர்கள் சிறுவர்களே. கட்டியங்காரன் அன்றைய ஊர்ச் செய்தியைக் கதைக்குள் நுழைப்பதைக் கேட்டு வளர்கிறார்கள். கும்மியடிக்கும் சிறுமி தோழியின் பெயரைப் பாட்டின் அடிக்குள் பொருத்தத் தெரிந்தவள். இத்திறனை ஆலய வாயிலில் செருப்போடு கழற்றிவைக்கச் சொன்னவர் யார்?

திருச்சபை சொல்லவில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாடுகளின் இசைமரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப் பணித்தது. 1973-ஆம் ஆண்டின் சிறுவர் திருப்பலி வழிகாட்டியோ, இசைக்கருவிகளைச் சிறுவரே இசைப்பதைச் சிறப்பாக வரவேற்றது. சிறுவர்க்கான திருப்பலியில் வானவர் கீதம் போன்றவற்றுக்கு, உரிய அதிகாரத்தின் ஒப்புதலோடு, அவர்களுக்கேற்ற சொற்களையும் ஏற்கலாம் என்றது. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இவ்வேட்டைப் புரட்டிய பாடற்குழுத் தலைவர்கள் எத்தனை பேரோ!

இவ்வகையில் பிற சபையார் ஒருவரிடம் நாம் கற்கலாம். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்டவர். கிராமிய மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் ஒரு வழிபாட்டையே அமைத்தார். பாடுகிறவர் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாட இயலும் என்பதே நாட்டுப்புற இசையின் வலிமை என அவர் கருதினார். ஒடுக்கப்பட்டோர்க்கு அது விடுதலையின் மொழி என்றார். எனவே, அவருடைய பாடல்களையும் அச்சிட்டபடியே நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தால், அவரைப் பின்பற்றியதாகாது.

பறை பற்றி ஒரு சொல். அதை ஆலயத்துக்குள் கொணரத் தயங்கும் பெற்றோர் உண்டு. சாதி இழிவாகத் தம்மீது சுமத்தப்பட்ட கருவியை மகன் தோளில் காண அவர்கள் அஞ்சுவதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட இயலாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே. நகரத்துக் கலையார்வலர் அல்லர், நானும் அல்லேன்.

எங்கே தொடங்குவது? திருப்பலியின் வாசகங்களை நம் விருப்பம்போல் மாற்ற இயலாது. ஆனால் விசுவாசிகள் மன்றாட்டுக்குரிய மறுமொழி ஒற்றை வரிதான். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளே அதற்குச் சொல் தேடட்டும், மெட்டுக் கட்டட்டும். ஏரி நிரம்பவும், வேலை தேடிச் சென்னை சென்ற தந்தை நலமாகத் திரும்பவும் அவர்களே மன்றாடட்டும். அவ்வேளை கீபோர்டு ஓய்ந்திருக்கட்டும். முதல் ஞாயிறு சுருதி விலகும். முன்வரிசைப் பெரியவர்கள் சற்றே நெளிவார்கள். நெளியட்டும்.