அந்த நூறு ஓம்

டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் ஒரு செமிலாக் ஷீட்டை எடுத்து நீட்டுவேன். இடது பக்கம் ஏறி, நடுவில் நெடுந்தூரம் சமமாக ஓடி, வலது பக்கம் இறங்கிவிடும் ஒரே ஒரு கோடு: அதிர்வெண் மாற மாறக் கெயின் எப்படி மாறுகிறது என்பதன் படம். நடுவில் உள்ள சமவெளியைப் பெரிதாக மதிக்க வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் வரும். சர்க்யூட் போட்டவரின் கை எப்படிப்பட்டது என்பது இரண்டு ஓரங்களில்தான் தெரியும்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை, லாசுப்பேட்டை பாலிடெக்னிக், பிள்ளைச்சாவடி பொறியியல் கல்லூரி (இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) என்று எங்கள் புதுச்சேரிச் சுற்றுவட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் தொட்டவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கோட்டை வரைவது ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு மறந்துபோன சோதனை. பாவம், நல்ல விருந்தில் பாதியில் எழுந்தவர்கள்.

என் சர்க்யூட் இது: 12 வோல்ட் சப்ளை. பி.சி.107 டிரான்சிஸ்டர். கலெக்டரில் 2.2 கே, எமிட்டரில் 680 ஓம், பேஸுக்கு மேலே 47 கே, கீழே 10 கே. மல்டிமீட்டர் வைத்தால் பேஸில் 2 வோல்ட், எமிட்டரில் 1.35, கலெக்டரில் 7.6 காட்டும், ஓடுவது 2 மில்லி ஆம்பியர். பெட்டியிலிருந்து வேறொரு பி.சி.107-ஐ எடுத்துச் செருகுங்கள். ஒன்றின் பீட்டா 120, இன்னொன்றின் பீட்டா 400 என்று இருந்தாலும் இந்த வோல்டேஜ்கள் பெரிதாக அசையாது. டிரான்சிஸ்டரை நம்பாமல் நான்கு ரெசிஸ்டரை நம்பிப் போட்ட கணக்கு அது.

எமிட்டருக்கு 100 மைக்ரோஃபாரட் பைபாஸ் கண்டன்சர் போட்டால் கெயின் 170-ஐத் தொடும். 680 ஓமோடு சேர்த்துக் கணக்குப் போடுகிற பையன் 2.3 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று சந்தோஷப்படுவான். கண்டன்சர் பார்ப்பதோ எமிட்டருக்கு உள்ளே இருக்கும் ரெசிஸ்டன்ஸை. 25 மில்லிவோல்ட்டை 2 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 12.5 ஓம்; சிக்னல் கொடுக்கும் ஜெனரேட்டரின் பங்கையும் சேர்த்தால் 15, 16. ஆக 100 ஹெர்ட்ஸிலேயே கோடு 3 டெசிபல் இறங்கிவிடும். நாதஸ்வரம் தப்பிக்கும், தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்துபோகும். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு இது போதும். அதற்கே அடித்தொனி கிடையாது. பாட்டு கேட்க உட்காருகிறவனுக்குப் போதாது.

சத்தத்திலும் ஒரு கோணல் உண்டு. உள்ளே 10 மில்லிவோல்ட் உச்சமுள்ள சைன் அலை கொடுத்தாலே, சி.ஆர்.ஓ. திரையில் கீழ்ப்பாதி கூர்ந்தும் மேல்பாதி மழுங்கியும் நிற்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கைவேலை. அந்த 680-க்குப் பதில் 100, 560 என்று இரண்டைத் தொடராகப் போட்டு, 560-க்கு மட்டும் கண்டன்சர் போட்டு 100 ஓமை வெறுமனே விட்டுவிடுவது. கெயின் 170-லிருந்து 20-க்கு விழுந்துவிடும். விழட்டும். கீழ் எல்லை 100 ஹெர்ட்ஸிலிருந்து 17-க்கு இறங்கும், அலையின் இரண்டு பாதியும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். மேல் எல்லையும் விரியும்: கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் மூன்று பிகோஃபாரடைக் கெயின்தான் பல மடங்காக்கிப் பேஸில் சுமத்துகிறது. வால்வு காலத்தில், 1920-இல், ஜான் மில்லர் எழுதிவைத்த சங்கதி இது. கெயின் குறைந்தால் சுமையும் குறையும். எண்பது பைசா ரெசிஸ்டருக்கு இதைவிட என்ன வேலை கொடுக்க முடியும்?

அளப்பதிலும் நிதானம் வேண்டும். 10, 20, 50, 100 ஹெர்ட்ஸ் என்று ஏறும்போது ஒவ்வொரு இடத்திலும் உள்ளே போகும் வோல்டேஜையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆம்பிளிஃபயர் இழுக்கிற இழுப்பில் அதுவே மாறும். மேல் ஓரத்தில், சி.ஆர்.ஓ.வுக்குச் சாதாரண ஒயரை மாட்டினால் அதன் நூறு பிகோஃபாரடும் 2.2 கே-யும் சேர்ந்து 600, 700 கிலோஹெர்ட்ஸில் கோட்டை இறக்கிவிடும். நோட்டில் எழுதுவது ஆம்பிளிஃபயரின் குணமல்ல, ஒயரின் குணம். பத்துக்கு ஒன்று புரோப் மாட்டினால் உண்மை தெரியும்.

ஷீட் எடுக்கச் சோம்பலாக இருக்கும் நாளில், கீழ் எல்லையை ஒரே பார்வையில் பார்க்க 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுப்பேன். முழு பைபாஸ் போட்ட சர்க்யூட்டில் அலையின் மேல்தளம் கால் பங்கு சரிந்திருக்கும். 100 ஓமை விட்டுவைத்ததில் ஐந்து சதவீதம்தான் சரியும்.