படம் இரவல், பேச்சு சொந்தம்

நீலகிரி மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையத்தை நான் சொல்லவில்லை. புதுச்சேரியில், உழவர்கரை நகராட்சிக்குள், பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் கனரக வாகன முனையமுமாக ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் தேடி வரும் சுற்றுலாக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்வோம். கையில் கைபேசி, விரலால் தள்ளத் தள்ள நீளும் ஒரு கொரியச் சித்திரக்கதை. அவருடைய அப்பா அந்த வயதில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தது இரும்புக்கை மாயாவி. காகிதம் போய்க் கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் அப்பா பார்த்ததும் வேற்றூர்க்காரர் வரைந்த கோடு, மகன் பார்ப்பதும் வேற்றூர்க்காரர் வரைந்த கோடு.

தமிழ் காமிக்ஸ் பித்தின் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு உறைப்பது இதுதான்: நாம் படத்தை இரவல் வாங்கி, பேச்சைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள். இணையத்தில் தனியாளாகச் சித்திரக்கதை செய்யக் கிளம்புகிறவர் ஏன் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார் என்பதை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. சௌந்தரபாண்டியன் தொடங்கியது, முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மூலம், லண்டனில் 1962 முதல் ‘வேலியண்ட்’ வார இதழில் வந்த ‘ஸ்டீல் கிளா’. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. ஸ்பானியக் கோடு, ஆங்கிலக் கதை, பட்டாசு லேபிளும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகும் ஊரில் தமிழ் வசனம். லூயிஸ் கிராண்டல் என்ற பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். மாயாவி என்றால் ஐம்பது வயதுக்காரர் முகம் மலரும். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், மீசை முளைக்கும் வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. சார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த ‘புளூபெரி’ லயன்-முத்துவில் கேப்டன் டைகர் ஆனார். வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் படைத்த ‘பதின்மூன்று’, ‘இரத்தப் படலம்’ ஆயிற்று. இந்தப் பெயர்சூட்டல் வெறும் மொழிபெயர்ப்பு வேலையில்லை. பிள்ளையைத் தத்தெடுத்துக் காது குத்தி மொட்டையடித்துப் பெயர் வைக்கிற சடங்கு.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. வெளிநாட்டில் ஏற்கெனவே வரைந்து முடித்த கதைக்கு உரிமைத்தொகை கட்டுவது, இங்கே ஓர் ஓவியரை மாதக்கணக்கில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பதைவிட மலிவு. சிவகாசி அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் எங்கள் தலைமுறைக்குப் படிக்கவே ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. வாசகர் ஆர்வம் போய் ஊன்றிக்கொண்ட இடம் சேகரிப்பு. பழைய புத்தகக் கடையில் கிழியாத அட்டை தேடுவது, எந்தக் கதை எந்த ஆண்டு எந்த இதழில் வந்தது என்று நாக்கு நுனியில் வைத்திருப்பது, மறுபதிப்பு கேட்டு மடல் எழுதுவது. ஆசிரியர் பக்கமான ‘ஹாட்லைன்’ வந்ததும் கதைக்கு முன் அதைப் படிக்கிறவர்கள் உண்டு. ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். தூங்கிக் கிடந்த லயன் 2012 ஜனவரியில் புத்துயிர் பெற்றபோது தூக்கி நிறுத்தியவர்கள் இவர்கள்தான். சந்தா கட்டி, ஓராண்டுப் புத்தகத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுத்தார்கள்.

ஜப்பானில் இதே பித்து வேறு வழியில் போனது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் முதல் ‘காமிக் மார்க்கெட்’ கூடியபோது வந்தவை 32 குழுக்கள். பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களைத் தாங்களே வரைந்து அச்சடித்துக் கொண்டுவந்து விற்றார்கள். அப்படி ரசிகர் இதழ் போட்ட கூட்டத்திலிருந்துதான் ‘கிளாம்ப்’ என்ற பெண்கள் குழு பின்னாளில் புகழ்பெற்றது. அங்கே ரசிகர் இரவல் வாங்கியது பாத்திரத்தை. கோடு அவர் கை. நம்மூரில் கோடு இரவல், நாக்கு நம்முடையது. பத்து ஆண்டு அடுத்தவர் பாத்திரத்தை வரைந்தவருக்குக் கடைசியில் கையாவது பழகியிருக்கும்.

இந்தப் பழக்கம் காமிக்ஸோடு தொடங்கியதா என்று பார்த்தால், புதுச்சேரியிலேயே இன்னும் பழைய தடம் கிடைக்கிறது. 1908இல் பிரிட்டிஷாரின் பிடியிலிருந்து தப்பிப் பாரதி இங்கே வந்தார். சென்னையில் நடந்துகொண்டிருந்த ‘இந்தியா’ வார இதழும் பின்னாலேயே வந்து 1910 வரை இங்கிருந்து வெளிவந்தது. தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி திறந்தது அந்த இதழ்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம், அந்தப் பக்கம் ஆங்கிலேயர் தடை. இன்று இணையத்தில் வேறு நாட்டு வழங்கியில் படத்தை ஏற்றிவிட்டு இங்கே உட்கார்ந்து பார்க்கிற தந்திரத்துக்கு முன்னோடி என்றுகூடச் சொல்லலாம். பாரதி கருத்துப்படங்களுக்கென்றே ‘சித்திராவளி’ என்று தனி இதழ் நடத்தவும் திட்டம் போட்டார், அது வெளிவரவில்லை. நம் பேச்சுக்கு முக்கியமானது வேறு. பாரதி ஓவியர் அல்லர். கருத்து அவருடையது, வரைந்த கை இன்னொருவருடையது. தமிழில் படத்தோடு பேச வந்த முதல் பெரிய ஆளுமையே சொல்லின் ஆள்தான்.

இப்போது கைபேசிக்கு வருவோம். தமிழில் இணையச் சித்திரக்கதை இல்லை என்று அங்கலாய்ப்பவர்கள் தங்கள் வாட்ஸப்பைத் திறந்து பார்க்கட்டும். திரைப்படக் காட்சியிலிருந்து மூன்று சட்டங்களை வெட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு வரி சூழல், உள்ளே வசனம். இது கட்டம் கட்டமாக ஓடும் சித்திரக்கதையேதான். படம் வரைந்தவர் ஒளிப்பதிவாளர், நடிகர் வடிவேலு. கதை மட்டும் ஊர் பேர் தெரியாத ஒரு பொறியியல் மாணவருடையது. 2019 மே மாதம், பாகிஸ்தானியப் பக்கம் ஒன்றில் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார்கள். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று ஒரு தமிழர் சொல்லப்போக, சீக்கிரமே நேசமணி பிழைக்க உலகமே வேண்டிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பதவியேற்கிற வாரம் அது. ரசிக வெறி, கூட்டுப் படைப்பு, தொடர்ச்சி எல்லாம் அதில் இருந்தது. கோடு மட்டும் ஒருவரும் போடவில்லை.

இப்படி வெட்டி ஒட்டும் மீம் ஒரு பழைய சிக்கலைத் தீர்க்கப் பழகியிருக்கிறது, அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். பேச்சுக்குமிழ்ச் சிக்கல் என்று அந்தச் சிக்கலைச் சொல்லலாம். பிரெஞ்சு ஆல்பங்களின் குமிழ்கள் பெரிய எழுத்தில் நெருக்கி எழுதும் லத்தீன் லிபிக்கு அளவெடுத்து வரையப்பட்டவை. தமிழில் ‘கீ’ மேலே சுழிக்கும், ‘கூ’ கீழே இறங்கும். இரு வரிக்கு நடுவே இடம் விட்டாக வேண்டும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று ஒற்றைச் சொல் குறுக்கே படுத்துக்கொண்டால் எந்தக் குமிழும் தாங்காது. பேச்சுத் தமிழில் ‘வர்றாங்க’, அடங்கிவிடும். ஆனால் அச்சு காமிக்ஸ் பெரும்பாலும் எழுத்துத் தமிழையே பிடித்துக்கொண்டது. டெக்ஸஸ் பாலைவனத்தில் குதிரையிலிருந்து குதித்தபடி ‘பின்வாங்குங்கள், நண்பர்களே!’ என்று கத்துகிற தமிழ் எந்தத் தெருவிலும் கேட்காதது. ரசிகருக்கு அந்தச் செயற்கைதான் சுவை. அதைக் கேலி செய்வதும் அவர்தான், வேறொருவர் கேலி செய்தால் சண்டைக்கு வருவதும் அவர்தான். மீம் இந்தச் சிக்கலை ஒரே தட்டில் தீர்த்துவிட்டது. மதுரைப் பேச்சு, கோவைப் பேச்சு, சென்னைப் பேச்சு எல்லாம் உள்ளே வந்தன. புதுச்சேரிப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை என்பது என் வருத்தம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவரை ‘சொல்தா’ என்று சொல்லும் ஊர் இது. ஒரு சொல்தா வீட்டுத் திண்ணையில் நடக்கும் பாகப்பிரிவினை ஒன்றை வரைந்தால் எத்தனை அத்தியாயம் ஓடும்!

தனியாளாக வரைகிறவரின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ‘வெப்டூன்’ தளத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். படத்தின் அகலம் 800 பிக்சல், நீளத்துக்குத் தொடர்ச்சியாகக் கீழே போகலாம். ஓர் அத்தியாயத்துக்கு நாற்பது கட்டம் என்று வையுங்கள். கட்டத்துக்கு ஒரு மணி நேரம். மேட்டுப்பாளையத்து ஆள் ஷிப்ட் முடிந்து இரவில் இரண்டு மணி நேரம் வரைந்தால் ஓர் அத்தியாயத்துக்கு இருபது இரவு. ரசிகர் அதைப் படித்து முடிக்க மூன்று நிமிடம். இதற்கிடையில் தமிழ் எழுத்தைப் பதிக்கையில், மென்பொருளில் உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகச் சிதறும். வெப்டூனில் தமிழுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ‘டூன்சூத்ரா’ போன்ற இந்தியச் செயலியில் தமிழ் உண்டு. அங்கும் மொழிபெயர்ப்புகள்தான் மேலோங்கியிருக்கின்றன. சிவகாசியின் பழைய கணக்கு, புதிய கண்ணாடியில்.

பணம் வரவே வராதா என்றால், வெளியே வந்திருக்கிறது. 2012இல் ரிச் பர்லூ என்பவர் தன் குச்சிமனிதர் சித்திரக்கதையான ‘ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’கின் பழைய தொகுதிகளை மறுபடி அச்சிடக் கிக்ஸ்டார்ட்டரில் கை நீட்டியபோது, ஏறத்தாழ 15,000 பேர் சேர்ந்து 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆலிஸ் ஓஸ்மன் 2016இல் இணையத்தில் தொடங்கிய ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ ரசிகர் பணத்தில்தான் முதலில் அச்சேறியது. நம் லயன் வாசகர்கள் செய்வதும் இதையேதான், பெயர் சந்தா. 2010இல் ‘இரத்தப் படலம்’ 800 பக்கங்களைத் தாண்டிய ஒரே புத்தகமாக வந்ததற்கும், 2018இல் வண்ணத்தில் மறுபடி வந்ததற்கும் பின்னால் அப்படிப்பட்ட வாசகர் கூட்டம் இருந்தது. முன்பணம் கட்டத் தயங்காத கூட்டம் தமிழில் இருக்கிறது. அது இதுவரை அறிந்த நாயகனுக்கே கட்டியிருக்கிறது.

சொந்தக் கோட்டின் மரபு நமக்கு இல்லாமலும் இல்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து தினத்தந்தியில் ‘கன்னித்தீவு’ ஓடிக்கொண்டே இருக்கிறது. வாண்டுமாமா எழுதச் செல்லம் வரைந்த ‘பலே பாலு’வுக்காகவே சிறுவர் இதழ் வாங்கியவர்கள் உண்டு. கல்கியில் 1950 முதல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனின் முகம்தான் மூன்று தலைமுறைக்கும் வந்தியத்தேவன். 2022இல் படம் வெளியானபோது ரசிகர்கள் குந்தவையையும் நந்தினியையும் வரைந்து குவித்தார்கள். அந்த ஆண்டு தமிழ் இணையத்தில் நான் பார்த்த ரசிகர் ஓவியத்துக்கு அளவில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யாரும் எடுத்து வரையலாம், நிலா காமிக்ஸ் அப்படித்தான் முழு நாவலையும் சித்திரக்கதையாக்கப் புறப்பட்டது. ஆனால் அந்த ரசிகர் ஓவியங்களில் பெரும்பாலானவை ஒற்றைப் படங்கள். ஓர் அழகான முகம், அத்தோடு சரி. அடுத்த கட்டத்தில் அதே முகம் திரும்ப வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், வாய் கோணாமல் பொய் சொல்ல வேண்டும். சித்திரக்கதை தொடங்குவது அங்கேதான். பெரும்பாலான ரசிகர் கை நின்றுவிடுவதும் அங்கேதான்.

அந்த இடத்தைத் தாண்டியவர்கள் வேறு மொழிகளில் உண்டு. இந்தியில் ‘பகர்மேக்ஸ்’ வழியாக வருண் குரோவர் எழுதி அங்கித் கபூர் வரைந்த ‘கரேஜ்வா’ வட்டாரப் பேச்சையே முதுகெலும்பாக வைத்துக்கொண்டது. இலங்கைத் தமிழர் துயரை வைத்து பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் செய்த ‘வன்னி’ 2019இல் வந்தது. கதை நம்முடையது, கோடு வெள்ளைக்காரருடையது. கசக்கிறது, ஆனால் அதைச் செய்தவர்கள் அவர்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒரு பிரெஞ்சுக்காரர். டேவிட் ரெவுவா 2014 முதல் ‘பெப்பர் அண்ட் கேரட்’ என்ற சித்திரக்கதையை இணையத்தில் இலவசமாக விடுகிறார். கிரிட்டா என்ற கட்டற்ற மென்பொருளில் வரைகிறார். பெயர் மட்டும் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம் என்ற உரிமம். வரைந்த மூலக் கோப்பையே அடுக்கடுக்காகத் திறந்து வைத்திருக்கிறார். தன்னார்வலர்கள் பல பத்து மொழிகளில் வசனம் போட்டிருக்கிறார்கள். பிரான்ஸில் குளேனா பதிப்பகம் அதைப் புத்தகமாகவும் போட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு ஆள் சேரும் ஊர் புதுச்சேரி. பிரெஞ்சு படித்த பிள்ளைகளும் இங்கே உண்டு. நமக்குப் பழகிய வழியிலேயே தொடங்கலாம், முதலில் இரவல் கோட்டுக்குத் தமிழ்ப் பேச்சு. பிறகு அடுக்கைத் திறந்து, ரெவுவா ஒரு பூனையின் வாலை எந்த வரிசையில் போட்டார் என்று பார்த்து, அதன்மேல் நம் கையை ஓட்டலாம்.

அந்த ஷிப்ட்காரர் அப்படி வரைய உட்கார்ந்தால் முதல் கட்டத்தில் என்ன இருக்கும்? அவர் ஜன்னலுக்கு வெளியே லாரி முனையம். இரவு பதினொரு மணி. துப்பாக்கிக்கு ‘டுமீல்’, குத்துக்கு ‘கும்’, வெடிக்கு ‘டமால்’ என்று முத்து காமிக்ஸ் அவர் அப்பா காலத்திலேயே கற்றுக்கொடுத்துவிட்டது. பதினாறு சக்கர லாரி ஒன்று ரிவர்ஸில் முனகிக்கொண்டே சுவரை நெருங்கும்போது வருகிற சத்தத்துக்கு எழுத்து இன்னும் யாரும் போடவில்லை. அதை அவர்தான் வாயால் சொல்லிப் பார்த்து எழுத வேண்டும்.