பெயர்ப்பட்டியலும் பயன்பாட்டு நெறியும்

தமிழ்நாட்டில் 2018இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களுள், கணக்கு நூலின் 'இணையச் செயல்பாடு' ஜியோஜீப்ராவில் எதைத் திறப்பது, எதை நகர்த்துவது எனப் படிப்படியாக வழிகாட்டுகிறது. மேல்வகுப்புத் தமிழ் நூலின் 'அறிவை விரிவு செய்' பகுதியோ நூற்பெயர், ஆசிரியர் பெயர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. எப்பகுதியை எதன்பொருட்டு வகுப்பிற்குக் கொணர்வது என்பது ஆசிரியரின் ஊகத்திற்கு விடப்படுகிறது. இதனை வளப்பற்றாக்குறை எனல் பொருந்தாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பட்டினப்பாலை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் 301 அடிகளுள் புகார்த் துறைமுகப் பண்டங்களைக் கூறும் சில அடிகளே போதும்: கடல்வழி வந்த குதிரை, மிளகுப் பொதி, தென்கடல் முத்து, கீழைக்கடல் பவளம். தமிழாசிரியர் சொல்லாட்சியையும் சமூக அறிவியல் ஆசிரியர் வணிக வழிகளையும் அவ்வடிகளைக் கொண்டே கற்பிக்கலாம். (புலிப்பொறி இடும் சுங்கமுறை பற்றிய அடிகளையும் உடன் சேர்க்கலாம்.) எனினும் புலவரின் வருணனையை வணிகப் பதிவேடாகவே கொண்டுவிடும் இடர் இங்கு உண்டு, பயன்பாட்டுக் குறிப்பு அவ்வெச்சரிக்கையையும் உள்ளடக்க வேண்டும்.