கணக்கு இல்லாத விஞ்ஞானம்

நம் பிரபல பத்திரிகைகளில் விஞ்ஞானம் பெரும்பாலும் இரண்டு வேஷங்களில் வருகிறது. ஒன்று சுவாரஸ்யம்; மற்றது பெருமை. இரண்டுக்கும் புதுச்சேரியிலேயே உதாரணம் இருக்கிறது.

வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண, பிரெஞ்சு வானவியலாளர் லெ ஜான்தி 1760-ல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே தங்கினார். 1768-ல் இங்கே வந்து இடிபாடுகளின்மேல் கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் நாடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே கருதியிருந்தார்கள்.

துரதிர்ஷ்டசாலியின் கதை என்று இதைப் பத்திரிகைகள் சொல்லும். ஆனால் ஒரு மனிதன் எதற்காக எட்டு வருஷம் காத்திருந்தான்? பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்க்கும்போது வெள்ளி சூரியன்மீது கடக்கும் கோடு சற்றே விலகித் தெரியும். அந்த விலகலிலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். இதை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் மேகம்.

இனி பெருமை. இங்கிருந்த தமிழர் ஒருவர் 1765 ஆகஸ்ட் 30-ன் சந்திர கிரகணத்தை லெ ஜான்திக்குக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பிய மாயரின் அட்டவணை 68 விநாடி மிகுந்தது. மார்தட்ட இது போதும். ஆனால் 1825-ல் இதே ஊரில் ஜான் வாரன் சந்தித்த பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் பரப்பிக் கணித்த கிரகணத்தில் தொடக்கம் 4, நடு 23, முடிவு 52 நிமிஷம் பிசகியது. அட்டவணைகள் முழுதும் அவர் மனப்பாடம். கோட்பாடு அவருக்குத் தெரியாது. பெருமை பேசுகிறவர்கள் இந்த 52-ஐச் சொல்வதில்லை. அந்தப் பிசகில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

தமிழில் இதை உணர்ந்து எழுதியவர்கள் இல்லாமலில்லை. வக்கீலான பெ.நா. அப்புசாமி (1891–1986) படிப்படியாக விளக்கினார். நிதானம் அவர் பலம். ஆனால் வாசகன் அவர் முன் மாணவனாகவே உட்கார வேண்டியிருந்தது. சுஜாதா அந்த வகுப்பறையைக் கலைத்தார். ஜூனியர் விகடனில் வந்த ‘ஏன் எதற்கு எப்படி’யின் வேகம் தமிழ் வாக்கியத்துக்கே லாபம். எனினும் கேள்வி-பதில் வடிவத்தில் பதில் வந்ததும் கேள்வி செத்துவிடுகிறது. பதிலை எப்படி அடைந்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதற்கு அந்தப் பத்தியில் இடமில்லை. வரவு செலவு எழுதாமல் நிலுவை மட்டும் காட்டும் பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். வாசகன் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

வியாபாரப் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. சிறுபத்திரிகைகள் விஞ்ஞானத்தை எழுத்தாகவே மதித்ததில்லை. ஐயத்தைப் பிரக்ஞையின் அடையாளமாகக் கொண்டாடிய நாம், ஐயத்தையே முறையாக்கிக்கொண்ட ஒரு துறையைப் பாடப்புத்தகத்துக்கும் துணுக்குக்கும் விட்டுக்கொடுத்தோம். இதில் நஷ்டப்பட்டது விஞ்ஞானமல்ல, தமிழ் உரைநடை. ‘இதுவரை தெரிந்தது இது, இந்த அளவுக்குப் பிசகலாம்’ என்று கூச்சமில்லாமல் சொல்லும் ஒரு வாக்கியத்தை அது இன்னும் முழுதாகக் கற்கவில்லை.