க்ளூனி மடத்துச் சுவடியும் நம் ஆயிரமசலாவும்

பாரிஸ் மாநகரின் ஆர்ஸனல் நூலகத்தில் 1162 என்னும் எண்ணிட்ட இலத்தீன் சுவடியொன்று காக்கப்பட்டு வருகிறது. பதப்படுத்திய தோலில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், கிறிஸ்துவத் துறவிகளின் பயன்பாட்டுக்கென எழுதப்பட்ட சமய நூல்தொகுதி அது. கிறிஸ்துவ மடத்தின் வாதநூல் ஒன்றைப் பற்றி நாம் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர் வினவலாம். காரணங்கள் இரண்டு. இலத்தீன் மொழியில் முதன்முதலாக முழுமையாகச் செய்யப்பெற்ற திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பு இச்சுவடியில் இருக்கிறது. நம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் தொன்மையான நூலொன்றுக்கு ஊற்றாக அமைந்த அரபு நூலும் இதே சுவடியில் இலத்தீன் வடிவில் இடம்பெற்றிருக்கிறது.

இத்தகைய நூலைக் காணும்போது நம்மவரிடையே இரு வகைப் பேச்சு எழுவது இயல்பு. "பகைவர் எழுதியது, தொடவேண்டாம்" என்பது ஒன்று. "பார்த்தீர்களா, அன்றே ஐரோப்பா நம்மிடம் பாடம் கேட்டது" என்று பெருமை பாராட்டுவது மற்றொன்று. இரண்டுமே நூலைப் படிக்காமல் சொல்லத்தக்கவை. நூலின் உழைப்பு எத்தகையது, நோக்கம் எத்தகையது, அந்த நோக்கம் உழைப்பை என்ன செய்தது என்று காண்பதே திறனாய்வு. அந்த வழியிலேயே இச்சுவடியை அணுக விரும்புகிறோம்.

முதலில் வரலாறு. கி.பி. 1085-ல் துலைதுலா என்று அரபியர் அழைத்த டொலேடோ நகரம் முஸ்லிம்களின் கையிலிருந்து காஸ்டீல் மன்னர் ஆறாம் அல்போன்சோவிடம் சென்றது. 1099-ல் சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றினர். இந்தச் சூழலில், பிரான்சிலிருந்த க்ளூனி மடத்தின் தலைவர், 'வணக்கத்திற்குரியவர்' என்று பட்டம் பெற்ற பீட்டர், 1142-ல் ஸ்பெயினுக்குப் பயணமானார். இஸ்லாத்தை மறுக்கவேண்டுமாயின் அது என்ன சொல்கிறது என்பதை முதலில் அறியவேண்டும் என்று அவர் கருதினார். எப்ரோ ஆற்றங்கரையில் அரபு வானநூல்களைக் கற்றுக்கொண்டிருந்த கெட்டன் ஊர் ராபர்ட், கரிந்தியா நாட்டு ஹெர்மன் ஆகிய இரு அறிஞர்களைக் கண்டு, வேண்டுகோளாலும் பெரும் ஊதியத்தாலும் இணங்கவைத்தார். டொலேடோ பீட்டர் என்பவரும், மடத்தலைவரின் செயலாளரான புவாத்தியே பீட்டரும் உடன் சேர்ந்தனர். முஹம்மது என்னும் பெயருடைய முஸ்லிம் ஒருவரும் துணையாக அமர்த்தப்பட்டார். 1143-ல் ராபர்ட் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பை முடித்தார். இத்தொகுதியின் முதற்பிரதியே ஆர்ஸனல் சுவடி என்று இருபதாம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டியவர் மரீ தெரேஸ் தல்வெர்னி என்னும் பிரெஞ்சுப் பெண்ணறிஞர்.

நன்றியோடு சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். அக்கால ஐரோப்பியப் பாமரர் முஸ்லிம்களை விக்கிரக வணக்கத்தாராகவே எண்ணியிருந்தனர். அவர்களுடைய வீரகாவியங்களும் அவ்வாறே பாடின. பீட்டர் இச்சுவடிக்கு எழுதிய முன்னுரைச் சுருக்கத்தில் அந்தப் பொய் இல்லை. முஸ்லிம்கள் ஒரே இறைவனை வணங்குவோர், ஈசா நபியைக் கன்னி மர்யத்தின் மைந்தராக மதிப்போர், ஆயினும் திரித்துவத்தை மறுப்போர் என்று அவர் அறிந்து எழுதினார். அவ்வளவில் அது உண்மைக்கு ஓரடி நெருங்கிய நூலே.

ராபர்ட்டின் மொழிபெயர்ப்பையும் வெறும் திரிபு என்று தள்ளிவிட முடியாது. அவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. நீண்ட, அலங்காரமான இலத்தீன் வாக்கியங்களில் கருத்தை விரித்துரைத்தார். அந்த விரிவுகளைச் சோதித்த தாமஸ் பர்மன் என்னும் அமெரிக்க அறிஞர், பல இடங்களில் ராபர்ட் முஸ்லிம் விரிவுரையாளரின் தஃப்ஸீர்க் கருத்துகளைக் கேட்டறிந்தே எழுதியிருக்கிறார் என்று 2007-ல் வெளியான தம் நூலில் நிறுவினார். மூலத்தில் இல்லாதது போல் தோன்றும் சொற்கள், நம் உலமாக்கள் மூலத்தை விளக்கிய சொற்களாக இருக்கின்றன.

ஆனால் குறைகளும் சிறியவை அல்ல. திருமறையின் 114 சூராக்களில் நீண்டவற்றைத் துண்டாக்கியதால் அவருடைய கணக்கு நூற்றிருபதைத் தாண்டுகிறது. மூலத்தின் ஓசையும், திரும்பத் திரும்ப வரும் சொற்களின் வலிமையும் அவருடைய அலங்கார நடையில் கரைந்துபோயின. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை தலைப்பிலேயே தொடங்குகிறது. நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பொய்த்தூதர் என்று பழித்தே அம்மொழிபெயர்ப்பு பெயரிடப்பட்டது. சுவடியின் ஓரங்களில், இந்த இடத்தின் முரண்பாட்டைப் பார், அந்த இடத்தின் அறியாமையைப் பார் என்று வாசகனை இடித்துரைக்கும் குறிப்புகள் நிரம்பியுள்ளன. போதாக்குறைக்கு இழிவான சித்திரம் ஒன்றும் உண்டு. அதை விவரிக்க நம் பேனா கூசுகிறது. படிப்பவன் தானாகச் சிந்திக்க இவை இடம் தருவதில்லை. மூலத்தைக் கண்ணால் காணுமுன் தீர்ப்பைக் காதால் கேட்டுவிடுகிறான்.

நூல்களைத் தேர்ந்த முறையும் நேர்மையானதன்று. இமாம் புகாரி மறைந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் நூற்றாண்டு கழிந்த காலம் அது. ஹதீஸ் தொகுப்புகளும் அகீதா நூல்களும் முஸ்லிம் உலகெங்கும் ஓதப்பட்டு வந்தன. அவற்றை விடுத்து, மக்கள் வழக்கில் இருந்த பழங்கதைத் திரட்டு ஒன்றையும், நபிபிறப்பைப் பற்றிய கதைநூல் ஒன்றையும் மொழிபெயர்த்துத் திருமறையின் அருகே வைத்தனர். பின்னர் அக்கதைகளைக் கொண்டே மார்க்கத்தை எடைபோட்டனர். அல்கிந்தி என்னும் கிறிஸ்துவருடையதாக வழங்கும் அரபு வாதநூலும் இத்தொகுதியில் உண்டு. முஸ்லிம் ஒருவர் எழுதும் மடலும், கிறிஸ்துவரின் மறுமொழியுமாக அது அமைந்துள்ளது. முன்னது சுருக்கம், பின்னது மிக நீளம். எதிரியின் வாய்மொழியையும் தானே எழுதிக்கொள்பவனுக்கு வெற்றி எளிது.

இனி நமக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருவோம். ஹெர்மன் மொழிபெயர்த்த நூல்களுள் ஒன்று, மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நாயகத்திடம் கேட்ட வினாக்களையும் பெற்ற விடைகளையும் சொல்லும் 'மஸாயில்'. படைப்பு, சுவனம், நரகம், மறுமை முதலிய பலவற்றைக் கேட்டுத் தெளிந்து, வினவியவர் இஸ்லாத்தைத் தழுவுவதோடு முடியும் நூல் அது. ஹதீஸ்களைப் போன்ற ஆதாரச் சிறப்பு அதற்கில்லை. மக்கள் விரும்பிக் கேட்ட வினாவிடை நூல் அது.

அதே நூல் கிழக்கு நோக்கியும் பயணம் செய்தது. பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளில் அது வழங்கியது. கி.பி. 1572-ல் வண்ணப்பரிமளப் புலவர் அதனைத் தமிழில் பாடி மதுரையில் அரங்கேற்றினார். 'ஆயிரமசலா' என்னும் 'அதிசய புராணம்' நமக்குக் கிடைத்தது அவ்வாறே. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் அது மிக மூத்தது. இந்தப் பயணங்களை ஒருங்கே ஆராய்ந்து ரோனித் ரிச்சி என்னும் அறிஞர் எழுதிய நூல் 2011-ல் வெளிவந்தது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. வினாவும் விடையும் பெரும்பாலும் ஒன்றே. க்ளூனியில் அது குற்றப்பத்திரிகையின் ஒரு சான்றாக, மறுப்புரைகளுக்கு நடுவே கட்டப்பட்டது. கேள்வி கேட்பவர் விடை பெற்று மனம் மாறுகிறார் என்னும் அந்நூலின் உயிர்நிலை, அங்கே படிப்பவருக்குத் தேவையற்றதாயிற்று. மதுரையிலோ அது தமிழ்ப் புராண மரபின் அணிகளைப் பூண்டு, முஸ்லிம் அல்லாத புலவரும் அமர்ந்து கேட்கத்தக்க காப்பியமாயிற்று. ஒரு நூலின் பொருளை அதன் சொற்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை எடுத்து வைப்பவரின் நோக்கமும், அருகில் வைக்கப்படும் நூல்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் கண்டதில்லை.

க்ளூனிச் சுவடி விளைத்த விளைவும் சிறிதன்று. 1543-ல் பாசல் நகரில் தியோடர் பிப்லியாண்டர் அதனைப் பதிப்பித்தார். நகர மன்றம் முதலில் தடுத்து அச்சகத்தாரைச் சிறையிலிட்டது. மார்ட்டின் லூதர் பரிந்துரைத்த பின்னரே நூல் வெளிவந்தது. 1547-ல் வந்த இத்தாலிய மொழிபெயர்ப்பு அதிலிருந்தே பிறந்தது. அதிலிருந்து ஜெர்மன் மொழிபெயர்ப்பும் கிளைத்தது. இவ்வாறு ஒருவரின் நடையும் ஒரு மடத்தின் கசப்பும் தலைமுறை தலைமுறையாக ஐரோப்பியரின் கண்ணுக்கு முன்னே தொங்கின.

இதனை முதலில் உணர்ந்து குறைகூறியவரும் ஒரு கிறிஸ்துவ அறிஞரே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த செகோவியா ஹுவான், ராபர்ட் மூலத்தை மாற்றியும் சுருக்கியும் விட்டார் என்று கண்டார். ஈசா என்னும் ஸ்பானிய முஸ்லிம் ஃபகீஹைத் தாம் வாழ்ந்த சவோய் நாட்டுக்கு அழைத்து, 1455-லும் 1456-லும் அவரோடு அமர்ந்து, அரபு, காஸ்டீலியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் திருமறையை எழுதுவித்தார். அந்த நூல் தொலைந்துபோயிற்று, முன்னுரையே எஞ்சியது. ஆயினும் முறை நமக்குத் தெரிகிறது. க்ளூனித் தொகுதியில் துணைநின்ற முஸ்லிமுக்கு முஹம்மது என்ற பெயர் மட்டுமே மிஞ்சியது. ஹுவானின் பணியிலோ முஸ்லிம் அறிஞர் ஆசானாக எதிரே அமர்ந்தார். பிறர் வேதத்தை அறிய முற்படும் எவருக்கும் இவ்விரண்டில் எது வழி என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

அந்த அளவுகோல் நமக்கும் உரியது. பிற சமயத்தாரின் நூலை, அதை மறுப்பவர் எழுதிய சுருக்கத்திலிருந்து மட்டுமே அறிந்து பேசுவோர் நம்மிடையே இல்லை என்று சொல்லத் துணியமாட்டோம். க்ளூனிச் சுவடி எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்டது. நம் ஆயிரமசலாவோ நெடுங்காலம் பெரும்பாலோர் பார்வைக்கு வராதிருந்து, 1984-ல் எம். சையிது முஹம்மது 'ஹஸன்' அவர்களின் பதிப்பால் மறுபடியும் வாசகர் கைக்கு வந்தது. பழித்தவர்கள் ஓர் ஏட்டைக் காத்த அளவுக்கேனும், நேசித்துப் பாடியவர்களின் ஏடுகளை நம் இல்லங்கள் காக்கவேண்டும். அப்பதிப்பு கிடைக்கும் குடும்பங்கள், பிள்ளைகளை அருகிருத்தி, நாளைக்குச் சில பாடல்களாவது படித்துவரும்படி கேட்டுக்கொள்கிறோம்.