'பண்டாரசந்நிதி': ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' திருவாவடுதுறை ஆதீனத்தின் 16ஆம் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரைப் பாடஞ் சொல்லும் ஆசிரியராகவும் புலவர்களைப் புரப்பவராகவும் காட்டுகின்றது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபின் மாணவர்க்குத் தேசிகரே பாடஞ் சொன்னார். 1880இல் ஐயர் கும்பகோணம் கல்லூரிப் பணியை ஏற்க இசைந்தார்.

இத்தகையவரைச் சுட்டும் 'பண்டாரசந்நிதி' என்னுஞ் சொல்லை, ஐரோப்பிய மடத்தலைவரைக் குறிக்கும் 'அபட்' என்பதனாற் பெயர்ப்பது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. பெனடிக்டின் விதிப்படி, துறவியர் தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுப்பர். ஆதீனத்திலோ, தலைவரே தமக்குப் பின்வருபவரைச் சின்னப்பட்டமாக நியமிப்பார்; கல்லிடைக்குறிச்சியில் இருந்த நமசிவாய தேசிகர் அவ்வாறமைந்தவர். 'அபட்' என்பதன் வேர்ப்பொருள் தந்தை. 'சந்நிதி' என்பதோ இறைமுன்னிலை. முன்னது உறவையும், பின்னது குருவைச் சிவமாகக் காணும் கொள்கையையும் உணர்த்துகின்றன. ஆதலின், மூலச்சொல்லையே நிறுத்தி விளக்கந் தருவதே தக்கது.